பாட்டுக் கட்டும் பால் பணியாரமும்

"அந்தப் பாட்டுக் கட்டை வாங்குற காசுக்கு ஒரு விறகுக் கட்டை வாங்கினா, சோறாவது வேகும்."

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது இது. சொன்ன நேரம் சரியில்லை. அப்போதுதான் வல்லங்கோட்டை ராஜா கேசவ பூபதியின் பல்லக்கு அந்தப் பக்கமாகப் போனது. திரைக்குள் இருந்தவர் காதில் அது தெளிவாக விழுந்தது.

பாட்டுக் கட்டு என்பது அரண்மனைச் சரக்கு. பத்துப் பாட்டைத் தனித்தனி ஓலையில் எழுதி, ஒன்றாகக் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்து விற்பார்கள். வாங்கி முத்திரையை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். முன்பெல்லாம் கட்டு வந்தால் கடை வாசலில் தள்ளுமுள்ளு நடக்கும். இப்போது எலிகள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

ராஜா, கட்டுகளைத் தயாரித்து விற்கும் பாட்டுச்சாலையின் அதிகாரி சிகாமணியைக் கூப்பிட்டார். "ஏன் ஓய், விற்பனை இப்படிப் படுத்துவிட்டது?"

"திருட்டு, மகாராஜா. ஒருவர் வாங்குகிறார், ஊரே கேட்டுப் பாடுகிறது. பாவம், கலைஞர்கள் பட்டினி கிடக்கிறார்கள்."

சொல்லும்போதே சிகாமணிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கையை உயர்த்தியபோது விரலில் புது வைர மோதிரம் மின்னியது.

மறுநாளே ஒரு திருடியைப் பிடித்து வந்தார்கள். குளத்தங்கரையில் மோர் விற்கும் மாரக்காள். மோர் கடைந்துகொண்டே மழைப் பாட்டைப் பாடியிருக்கிறாள். புதுக் கட்டில் இருந்த பாட்டு அது.

"கட்டு வாங்கினாயா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லீங்க சாமி. தேர்த் திருவிழாவுல அரண்மனை ஆளுங்களே மேளம் வெச்சுப் பாடினாங்க. காதைப் பொத்திக்கிட்டு நில்லுன்னு யாரும் சொல்லல. பிடிச்சுப்போச்சு. கடைக்குப் போயி அந்த ஒரு ஓலைய மட்டும் காசுக்குக் கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க."

"கட்டாக வாங்குவதுதானே?" என்றார் சிகாமணி.

"மத்த ஒன்பதையும் எங்க வீட்டுக்காரரு பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வந்தாருங்க. அன்னைக்கு முழுக்க மனுசன் யாருகூடயும் பேசல."

சபை சிரித்தது. சிகாமணி சிரிக்கவில்லை. அந்த ஒன்பதில் ஆறு அவர் எழுதியவை. மூன்று அவர் மைத்துனர் எழுதியவை. எல்லாமே பாட்டுச்சாலையின் பெருமையைப் பற்றியவை.

"கட்டு என்றால் கட்டு, மகாராஜா. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது திருட்டு. இவளைக் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்."

ராஜா தலையாட்டப் போனார். அதற்குள் சபையில் உட்கார்ந்திருந்த தாண்டவராயன் எழுந்தான். ராஜா தவறு செய்யும் நேரம் பார்த்துத் தொண்டையைக் கனைப்பதுதான் அவனுக்கு உத்தியோகம்.

"அதிகாரி ஐயா, மழைப் பாட்டை எழுதியது யார்?"

"செங்கமலம் என்று ஒரு பாடகி."

"பட்டினி கிடக்கும் கலைஞர் அவர்தானா? அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?"

"வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்தோம்."

"அப்படியானால் பட்டினி என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வாய் நிறைய இருந்திருக்கும்."

ராஜா மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார்.

"மகாராஜா, வேண்டியதை மட்டும் எடுத்து மற்றதை விடுகிறவர் திருடர் என்றால், இவளைவிடப் பெரிய திருடர் ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். நாளை மத்தியானம் பிடித்துத் தருகிறேன். அதுவரை இவள் கடை இருக்கட்டும்."

"பிடிக்காவிட்டால்?"

"மாரக்காளின் மோர்ப்பானையை நான் சுமந்துகொண்டு கூடவே போகிறேன்."

மறுநாள் மத்தியானம் அரண்மனையில் விருந்து. சமையல் ஏற்பாடு தாண்டவராயனுடையது. ராஜாவுக்குப் பக்கத்து இலை சிகாமணிக்கு. அவருக்கு அதில் ஏகப் பெருமை.

இலையில் வந்து விழுந்தவை: உப்புப் போடாத பாகற்காய், அடிப்பிடித்த சோறு, அவியாத வாழைத்தண்டு, வேப்பங்கொழுந்துத் துவையல், இன்னும் பெயர் தெரியாத சில. ஓரத்தில் ஒரு தொன்னையில் பால் பணியாரம். ஏலக்காய் மணம் கூடத்தையே தூக்கியது.

சிகாமணி பாகற்காயை நாக்கில் வைத்தார். யாரும் பார்க்காமல் எடுத்து இலைக்கு அடியில் தள்ளினார். பிறகு நேராகப் பணியாரத்துக்குப் போனார்.

"ஆகா. இன்னொன்று வை."

பரிமாறுகிறவர் கைகட்டி நின்றார். "பணியாரம் தனியாக் கொடுக்கிறதில்லைங்க. வேணும்னா இன்னொரு முழு இலை போடுறேன்."

"இந்தக் கண்றாவியை இன்னொரு தடவையா? எவன் தின்பான் இதை? நல்லதை மட்டும் கேட்டால் குற்றமா ஐயா?"

பின்னால் நின்ற தாண்டவராயன் காவலனைப் பார்த்தான். "கேட்டாயா? இவர்தான். பிடித்துக்கொள்."

சிகாமணி கையிலிருந்த காலித் தொன்னையைக் கீழே வைத்தார். ராஜா அவர் இலையைப் பார்த்தார். பிறகு தன் இலையைப் பார்த்தார். அங்கேயும் தொன்னை மட்டும்தான் காலி.

"தாண்டவராயா, என்னையும் பிடிக்கச் சொல்வாயோ?"

"மகாராஜா யாரையும் ஊரைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லையே. தலையாட்டத்தான் போனீர்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் தீர்ப்பைச் சொன்னார்.

"சிகாமணி, உம்முடைய சட்டப்படியே செய்வோம். இலையில் இருப்பதை ஒரு பருக்கை விடாமல் தின்று எழுந்தால், மாரக்காள் ஊரைவிட்டுப் போவாள். மிச்சம் வைத்து இலையை மூடினால், அவள் கடை இருக்கும் இடத்திலேயே இருக்கும். அதோடு நாளை முதல் ஓலைகளைத் தனித்தனியாக விற்க வேண்டும். செங்கமலத்துக்கும் உரிய பங்கு போக வேண்டும்."

சிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டுச்சாலையின் மானம் அவர் கையில் இருந்தது. அடிப்பிடித்த சோற்றில் ஒரு கவளம் எடுத்தார். விழுங்கினார். வாழைத்தண்டை மென்றார், மென்றுகொண்டே இருந்தார். துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது.

பரிமாறுகிறவர் வாளியோடு குனிந்தார். "பாகற்காய் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?"

சிகாமணி இலையை மூடினார்.