பிளந்த வால்

பறவைகள் எல்லாம் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கண்மாய்க் கரை இலுப்பைத் தோப்பில் திடீரென்று முட்டைகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் மைனாவின் முட்டைகள், அடுத்துச் சின்னான் என்னும் கொண்டைக்குருவியுடையவை. மூன்றாம் நாள் மணிப்புறா பவளாயியின் இரண்டு முட்டைகளும் போயின.

தோப்பே கொதித்தது. வால்காக்கை பொன்னுரங்கம் உச்சிக் கிளையில் வந்து அமர்ந்தது. செம்பொன் உடம்பு, நீண்ட வெள்ளி வால், மணி அடித்தாற்போல் குரல். அது பேசினால் எல்லோரும் வாய் மூடிக் கேட்பார்கள். மழை பொய்த்த ஊரிலிருந்து பிழைக்க வந்த கரிச்சான் குருவி காத்தான் வந்த பிறகுதான் இதெல்லாம் நடக்கிறது என்று அது மெல்லப் பேச்செடுத்தது.

காத்தான் திருடியதை யாராவது பார்த்தீர்களா என்று சின்னான் தயங்கிக் கேட்டது. பவளாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பார்க்க வேறு வேண்டுமா? அவன் நிறத்தைப் பார். முட்டை திருடும் காக்கையும் அதே கறுப்புதானே?"

அது போதுமாக இருந்தது. மொத்தக் கூட்டமும் கரையோரத்து வேலமரத்தை நோக்கிப் பாய்ந்தது. காத்தானின் மனைவி மாரி அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளிவிட்டுக் கூட்டைக் கவிழ்த்தார்கள். மூன்று முட்டைகளும் பாறையில் விழுந்து உடைந்தன. தடுக்க வந்த காத்தானின் வாலை இரண்டு மைனாக்கள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுத்தன. அதுவரை ஒரே இலைபோல் இருந்த வால் நடுவே கிழிந்து இரண்டாகப் பிரிந்தது.

உடைந்த முட்டைகளைப் பார்த்ததும் பவளாயி அங்கே நிற்க முடியாமல் தோப்புக்குத் திரும்பினாள். அங்கே அவள் தங்கையின் கூட்டில் குனிந்திருந்தது பொன்னுரங்கம். அலகிலிருந்து மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.

"முட்டை! முட்டையைத் தின்கிறான்!" என்று அவள் அலறினாள்.

அந்தக் குரல் வேலமரம் வரை கேட்டது. கூட்டம் திகைத்து நின்றுவிட்டது. ரத்தம் சொட்டும் வாலோடு காத்தான்தான் முதலில் கிளம்பினான். தன்னைவிட மூன்று மடங்கு பெரிய வால்காக்கையின் முதுகில் அம்புபோல் இறங்கிக் கொத்தினான். அது திரும்பியபோது தலையில் கொத்தினான். வெள்ளி வால் இறகுகள் பறக்க, பொன்னுரங்கம் கண்மாயைத் தாண்டி ஓடும்வரை விடவில்லை. பவளாயியின் தங்கை கூட்டில் ஒரு முட்டை மிஞ்சியிருந்தது.

மாலையில் பவளாயி வேலமரத்துக்கு வந்தாள். தலை நிமிரவில்லை. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னாள். காத்தான் கிழிந்த வாலைக் கோதிக்கொண்டிருந்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மாரிதான் வாய் திறந்தாள். "எங்களைத் தெரியாமல்தானே என் பிள்ளைகளைக் கொன்றீர்கள்? இதே மரத்தில் கூடு கட்டு. நாங்கள் என்ன செய்கிறோம் என்று தினமும் கண்ணால் பார்."

மறுநாள் காலையிலேயே பவளாயி முதல் குச்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த கிளைக்குச் சின்னானும் வந்தது.

கரிச்சானின் வால் இன்றும் இரண்டாகப் பிளந்திருப்பதும், அது கூடு கட்டிய மரத்தையே தேடிப் புறாவும் சின்னானும் குடிவருவதும் அந்த நாளிலிருந்துதான்.