வாய் திறந்த ஆள்காட்டி

மருதங்குளத்தின் கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. அதன் பெயர் செம்மூக்கி. தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு வாழும் பறவை அது. அந்தக் கரையில் அப்படித் தரையில் கூடு வைத்த பறவைகள் நிறைய. பாம்புகள் வந்து முட்டைகளை விழுங்கிவிட்டுப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது.

பொறுத்துப் பார்த்த விலங்குகளும் பறவைகளும் ஒரு காவல் சங்கம் அமைத்தன. பாம்புக்கு அஞ்சாத கீரியைக் காவல் தலைவன் ஆக்கின. கீரி ஒழுங்காகக் காவல் காக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகக் குழுவும் வேண்டும் அல்லவா? மயில் அதற்குத் தலைவர் ஆனது. எருமை, ஆமை, கொக்கு மூவரும் உறுப்பினர்கள். யாருக்கும் கூலி கிடையாது. ஊருக்குச் செய்யும் தொண்டு என்று தாமாகவே முன்வந்தவர்கள்.

கொக்கு வேறு குளத்துக்குக் குடிபெயர்ந்ததும் அந்த இடத்துக்குச் செம்மூக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். செம்மூக்கிக்குத் தலைகால் புரியவில்லை. இனி ஒரு முட்டையும் களவு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டது.

முதல் கூட்டம் இலுப்பை மரத்தடியில் நடந்தது. கீரி எழுந்து, எந்தப் பாம்பை எங்கே விரட்டினேன் என்று விரிவாகச் சொன்னது. மயில் தோகையை விரித்துப் பாராட்டியது. எருமை அசைபோட்டபடியே தலையாட்டியது. ஆமை ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் தலையை இழுத்துக்கொண்டது.

"பாம்புகள் ஓடிவிட்டன, சரி. முட்டைகள் பொரிந்தனவா?" என்று கேட்டது செம்மூக்கி.

புதிதாக வந்தவர்கள் முதலில் காது கொடுத்துக் கேட்டுப் பழக வேண்டும் என்று மயில் சிரித்தபடி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு கவுதாரி செம்மூக்கியை மறித்தது. வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறது என்று செம்மூக்கி நினைத்தது. கவுதாரியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"நீயும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாயா?" என்றது அது. பிறகு, தன் முட்டைகளைத் தின்றது பாம்பு இல்லை, கீரிதான் என்று சொன்னது. அது பாறையில் மோதி உடைத்துத் தின்றதைப் புதருக்குப் பின்னாலிருந்து கண்ணால் பார்த்ததாம். போன மழைக்காலத்திலேயே மயிலிடம் போய் அழுததாம். சங்கத்தின் பேர் கெட்டுவிடும், வெளியே சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மயில் அனுப்பிவைத்ததாம். அதற்குப் பிறகு காடையின் கூடும் காலியாயிற்று, வானம்பாடியின் கூடும் காலியாயிற்று.

செம்மூக்கிக்குக் கீரி மீது வந்த கோபத்தைவிட மயில் மீது வந்த கோபம் பெரிதாக இருந்தது. கீரிக்குப் பசி, தின்றது. மயிலுக்கு என்ன? எல்லாம் தெரிந்தும் இந்தத் தோகையை விரித்துக்கொண்டு பாராட்டியதே! அடைகாக்கும் கவலை அறியாத ஆண் மயிலுக்குக் காலியான கூட்டின் வலி எங்கே தெரியப் போகிறது?

அடுத்த கூட்டத்துக்குச் செம்மூக்கி கவுதாரியையும் கூட்டிக்கொண்டு போனது. வெளியார் பேசக் கூடாது என்று மயில் தடுத்தது.

"அப்படியானால் நான் பேசுகிறேன்" என்ற செம்மூக்கி, கீரியின் முகத்துக்கு நேராகவே நடந்ததை எல்லாம் சொன்னது.

கீரி மறுக்கவே இல்லை. அலட்சியமாக மீசையைத் தடவிக்கொண்டது. "நான் வேண்டாம் என்றால் இப்போதே போகிறேன். நாளைக்குப் பாம்பு வந்தால் இந்தக் குருவியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றது.

எருமை பதறிப்போனது. மேய்ச்சலை விட்டுவிட்டுச் சும்மா வந்து உட்காருகிறோமே, எங்களைப் போய்க் கேள்வி கேட்கலாமா என்று செம்மூக்கியிடம் குறைபட்டுக்கொண்டது.

"சும்மா வருவது உங்கள் பெருந்தன்மை, எருமையண்ணா. வந்து சும்மா இருப்பதற்கு என்ன பெயர்?" என்று கேட்டது செம்மூக்கி. பிறகு மயிலின் பக்கம் திரும்பியது. "தலைவரே, சங்கத்தின் பேரை நன்றாகத்தான் காத்தீர்கள். எங்கள் பிள்ளைகளை யார் காத்தார்கள்?"

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. எல்லோருடைய நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்று அது முணுமுணுத்தது யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது ஆமை மெல்லத் தலையை நீட்டியது.

"கரை மணலில் நான் புதைத்த முட்டைகளையும் தோண்டித் தின்றது இந்தக் கீரிதான்" என்றது. "குழுவில் இருந்துகொண்டு நானே குறை சொன்னால் நன்றாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன். நான் அன்றே சொல்லியிருந்தால் கவுதாரியின் குஞ்சுகள் இன்று ஓடித் திரிந்திருக்கும்."

கவுதாரி ஆமையை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கீரியைக் குளக்கரையை விட்டே விரட்டினார்கள். மயில் தலைமையை இழந்தது. கவுதாரி குழுவில் உறுப்பினர் ஆனது. இனி முட்டை இழந்தவர் பேசிய பிறகுதான் மற்றவர் பேச வேண்டும் என்று முடிவானது.

கீரி மிரட்டியது போலவே பாம்பு வந்தது. பறவைகள் தாங்களே முறை வைத்துக் காவல் இருந்தன. பாம்பைக் கண்டதும் செம்மூக்கி கத்தும், எருமை குளம்பைத் தரையில் அறைந்துகொண்டு ஓடி வரும். ஆனாலும் சில முட்டைகள் பறிபோகத்தான் செய்தன. போனபோதெல்லாம் அதைக் கரை முழுவதும் கேட்கும்படி சொன்னார்கள், யாரும் மறைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோடையில்தான் மருதங்குளத்துக் கரையில் குஞ்சுகள் கூட்டமாக ஓடின.

காவலைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, தவறு கண்டும் வாய் மூடி இருப்பவர், கூலி வாங்காவிட்டாலும் களவுக்குக் கூட்டாளியே.