எல்லாமே அவசரம்

"லைன்ல போற எல்லா டேட்டா பாக்கெட்டுக்கும் முதல் வரிசை கொடுத்துட்டேன் மேடம். அப்பவும் வீடியோவில படம் உறைஞ்சு போகுதே!"

புலம்பிய பரஞ்சோதிக்கு ஐம்பத்தொரு வயது. மலையூர் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் அவர் பொறுப்பு. அவருக்குச் சொல்லிக்கொடுக்க வந்த நஸீமாவுக்கு முப்பது.

பத்து மணிக்கு ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கிய ஊக்கை எடுக்கவேண்டும். நகரத்து டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொல்லச் சொல்ல, இங்குள்ள டாக்டர் எடுப்பார்.

மணி ஒன்பதரை. பரஞ்சோதிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முதல் வரிசை யார் யாருக்கு?"

"ஆபரேஷன் தியேட்டர், காவல் கேமராக்கள், கேன்டீன், சூப்பரின்டென்டென்ட் ரூம்... கேட்டவங்க எல்லாருக்கும். இல்லேன்னு சொல்ல வாய் வரலை."

கேட்டவர்க்கெல்லாம் வரம் கொடுத்த சாமி அவர்.

"பெரிய லைன் வாங்கிட்டா சரியாயிடுமா மேடம்?"

"வாங்க" என்று நஸீமா லேபுக்கு நடந்தாள்.

மேஜையில் ரத்தக் குப்பிகள் குவிந்து கிடந்தன. அவசரம் என்றால் சிவப்புத் தாள் ஒட்டவேண்டும், அது அங்கே வழக்கம். சிவப்பு ஒட்டாத குப்பி ஒன்றுகூட இல்லை.

"இதுல எதை முதல்ல எடுப்பீங்க?"

லேப் அம்மா நிமிரவில்லை. "கைக்கு எது வருதோ அதை."

பரஞ்சோதி தன் கம்ப்யூட்டருக்குத் திரும்பி ஓடினார்.

"தியேட்டருக்கு முதல் வரிசை. சரியா மேடம்?"

"யாரை முன்னால விடுறீங்கன்னு நான் கேட்கலை."

பரஞ்சோதி திரையில் இருந்த பட்டியலை மேலிருந்து படித்தார். பிறகு கேமராக்களைப் பின்னால் தள்ளினார். கேன்டீனைத் தள்ளினார். சூப்பரின்டென்டென்ட் பெயரில் விரல் நின்றுவிட்டது.

பத்து மணிக்கு அவருக்கும் வீடியோவில் மேலதிகாரிகள் கூட்டம். வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பரஞ்சோதிக்கு வேலை.

"நீங்களே அழுத்துங்களேன் மேடம்."

நஸீமா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

இன்னும் இரண்டு நிமிடம். பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

பத்து மணி ஐந்து நிமிடம். ஸ்பீக்கரில் நகரத்து டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. "கொஞ்சம் இடது பக்கம்... அங்கேதான். மெதுவா இழுங்க."

டெலிபோன் அலறியது.

"பரஞ்சோதி! என் படம் நின்னு நின்னு வருதே, என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

பரஞ்சோதியின் குரல் நடுங்கவில்லை.

"நீங்க வரிசையில இருக்கீங்க சார்."