ஜெபக்கனியின் வலது பக்கம்

டாக்டர் தங்கப்பழத்துக்கு ஆசிரியையைவிட வயது அதிகம். ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போட்டுக் காலம் தள்ளிவிட்டு, தலை நரைத்த பிறகு ஸ்கேன் படிக்க வந்தவர். ஆசிரியை டாக்டர் யாஸ்மின் நரையைப் பார்த்துச் சலுகை காட்டுகிற ஆள் இல்லை.

அன்று ஜெபக்கனி என்ற அம்மாளின் எம்.ஆர்.ஐ. படம் வந்திருந்தது, முதுகு முழுக்க எடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆகிக் குணமானவர். இப்போது இடது தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு கட்டி.

“புற்றுநோய் திரும்பிடுச்சு மேடம்,” என்றார் தங்கப்பழம். “ரிப்போர்ட் அடிச்சு வச்சிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

“அவங்க எங்கே?”

“வெளியில உக்காந்திருக்காங்க. பாவம், முகத்தைப் பார்க்க முடியல.”

“முடியாட்டியும் பாருங்க. கூப்பிடுங்க.”

ஜெபக்கனி உள்ளே வந்ததும் கேட்டது ஒன்றுதான். “மறுபடியும் முடி கொட்டுமா டாக்டர்? இப்பத்தான் கொண்டை போடுற அளவுக்கு வளர்ந்திருக்கு.”

தங்கப்பழம் தரையைப் பார்த்தார்.

“திரும்பி நில்லுங்கம்மா,” என்றார் யாஸ்மின். “குளிருல நிக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் உங்களையே கட்டிப் பிடிச்சுக்குங்க.”

கட்டிக்கொண்டார். தோள்பட்டை எலும்புகள் விலகின. இடது பக்கம் கட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது. வலது பக்கமும் அதே இடத்தில், கொஞ்சம் சின்னதாக இன்னொன்று.

தங்கப்பழம் ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தார். அடக் கடவுளே, படத்திலும் இருந்தது! இரண்டு கட்டியிலும் சதைக்கு நடுவே கொழுப்பு கோடு கோடாக ஓடியது. தோள்பட்டைக்கு அடியில் அபூர்வமாக, பல சமயம் இரண்டு பக்கமும் வருகிற சாதுவான கட்டி அது. புற்றுநோய் இல்லை.

“இது வேற கட்டிம்மா, உங்களை ஒண்ணும் பண்ணாது,” என்றார் யாஸ்மின். “முடி எங்கேயும் போகாது.”

ஜெபக்கனி வாய்விட்டு அழுதார். பிறகு அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினார்.

“வலது பக்கம் ஏன் பார்க்கல சார்?”

“ஆபரேஷன் ஆனது இடது பக்கம் மேடம்.”

தங்கப்பழத்துக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

“புற்றுநோய் வந்தவங்ககிட்ட புற்றுநோயைத் தேடுறது தப்பா?”

“தப்பே இல்ல, கட்டாயம் தேடணும். ஆனா அந்தம்மாவுக்கு வலது பக்கம்னும் ஒண்ணு இருக்குல்ல?”