மழைக்காலத்தில் நின்ற வண்டி

ஊர் ஊராகப் போகும் குமரேச சுவாமிக்கு மடம், வீடு எல்லாமே ஒரு வேன்தான். உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, பூஜைக்கு ஒரு பலகை. மழைக்காலத்தில் துறவிகள் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும் என்பது விதி. அதனால் ஆடிப் பௌர்ணமியன்று வண்டி ஒரு மலையடிவாரத்தில் நின்றது.

வண்டியோட்டும் சீடர் தாண்டவராயர் முன்பு லாரி ஓட்டியவர், குருவைவிட வயதில் மூத்தவர். மனைவியின் காரியம் முடிந்த கையோடு சுவாமியிடம் வந்து சேர்ந்தார். அன்று முதல் ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை.

சுவாமியோடு இது முதல் மழைக்காலம்; இப்போது இருக்க வேண்டியிருந்தது. மனிதர் தவித்துப்போனார். டயர்களைத் தட்டிப் பார்த்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். தினமும் காலையில் இன்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டு அணைத்தார். மரத்துப் பறவைகள்தான் பாவம்.

"எதுக்கு ஐயா?" என்றார் சுவாமி.

"சும்மா நின்னா பேட்டரி செத்துடும் சாமி."

"அதுக்குத்தானே கூரையில சோலார் தகடு?"

"அதை நம்ப முடியல சாமி. சார்ஜ் நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டேதான் வருது."

ஒரு நாள் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சுவாமியின் முன் வந்து நின்றார்.

"நான் கிளம்பறேன் சாமி. இங்கேயே கிடந்தா நானும் இப்படித்தான் ஆயிடுவேன்."

சுவாமி எழுந்து, கூரைக்குப் போகும் பின்புற ஏணியில் ஏறினார். தகடு கண்ணுக்கே தெரியவில்லை. அதன்மேல் காவித் துணிகள் விரித்துக் கிடந்தன. பறக்காமலிருக்க ஓரங்களில் கல் வேறு.

"யாரு காயப் போட்டது?"

"நான்தான் சாமி. உங்க மடித் துணியாச்சே. யாரு கையும் படாம உச்சியில காயட்டும்னு தினமும்..."

தாண்டவராயர் தலையில் அடித்துக்கொண்டார்.

சுவாமி துணிகளைச் சுருட்டிக் கீழே போட்டார். "வண்டியை இப்படி விட்டுட்டுப் போகலாமா? சரியானதும் போங்க. அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க. தினமும் உறுமவிட்டா இருக்கற சார்ஜும் தீர்ந்துடும்."

பையை அவிழ்க்காமலே தாண்டவராயர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயில் அடித்தது, நடுவில் தூறியது, மறுபடி அடித்தது. ஒரு காலையில் சுவாமி சொன்னார்:

"இப்பத் திருப்புங்க."

முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. தாண்டவராயர் அதை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சும்மாதானே நின்னுச்சு சாமி?"

"ஆமா."

பை தோளில் இருந்தது. பாதை எதிரில் இருந்தது. அவர் இறங்கி வந்தார், ஆனால் போகவில்லை.

"என்னால சும்மா உட்கார முடியல சாமி. உட்கார்ந்தா அவ வந்துடறா. அடுப்படியில நிக்கறா. சோத்துத் தூக்கை நீட்டறா. 'இந்த நடையாவது சீக்கிரம் வந்துடுங்க'ங்கறா." பையைக் கீழே வைத்தார். "தாங்க முடியல சாமி."

"அப்ப என்ன செய்வீங்க?"

"எழுந்து போய் வண்டியைத் துடைப்பேன்."

சுவாமி பாயில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"இன்னைக்கு அவங்க வந்தா எழுந்திருக்காதீங்க."