யானையைக் கொல்லாத பாம்பின் பெயர்

மிருகங்களும் மனிதரும் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், வன்னிக் காட்டில் ஒரு பெரும் பாம்பு இருந்தது. அதற்குப் பெயரில்லை. அதைக் கண்டால் மற்றவை விலகிப் போய்விடும். கூட்டத்தைப் பிரிந்த ஒரு கிழட்டு யானை மட்டும் அதோடு பேசும். இரண்டும் வெயில் சாயும்வரை குளக்கரையில் கிடக்கும்.

ஒரு வருடம் மழை பெய்யவே இல்லை. குளம் சேறாகிவிட்டது. தண்ணீர் தேடி இறங்கிய யானை கரையோரச் சேற்றில் புதைந்துபோனது. பாம்பு தன் வாலைப் பாலைமரத்தில் சுற்றி, தலைப்பக்கத்தை யானையின் கழுத்தில் வளைத்து இழுத்தது. இழுக்க இழுக்க யானை இன்னும் தாழ்ந்தது.

"விட்டுவிடு. உன் முதுகு முறிந்துவிடும்" என்றது யானை.

"விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றது பாம்பு.

விடியும்போது யானையின் மூச்சு நின்றிருந்தது. ஆனாலும் பிடியைத் தளர்த்தப் பாம்புக்கு மனம் வரவில்லை.

தேன் எடுக்க வந்த வீரகத்தி என்ற ஊர்க்காரன் அதை அந்தக் கோலத்தில்தான் கண்டான். பாம்பு வாய் திறப்பதற்குள் ஓடிப்போய் ஊரில் சொல்லிவிட்டான். ஊர் அதற்கு ஆனைகொன்றான் என்று பெயர் வைத்தது. அதன்பிறகு முயல்கூட அந்தப் பக்கம் வருவதில்லை. தான் கொல்லவில்லை என்று பாம்பு சொல்லிச் சொல்லிப் பார்த்தது. நின்று கேட்கத்தான் ஆளில்லை.

பல வருடம் கழித்து, கப்பலில் வந்த வெள்ளைக்காரன் ஒருவன் காடு பார்க்க வந்தான். கூட வந்த வீரகத்தி தூரத்திலேயே நின்றுகொண்டான். வெள்ளைக்காரன் கிட்டே வந்து, அரைகுறைத் தமிழில் பாம்பிடம் பெயர் கேட்டான். நடந்ததையெல்லாம் இவனிடம் சொல்லிவிடலாமா என்று பாம்பு நினைத்தது. இவனும் நம்பாவிட்டால்?

"ஆனைகொன்றான் என்கிறார்கள். எனக்கு வேண்டாம். நீங்கள் கொண்டுபோய்விடுங்கள்" என்றது.

அவன் அதைச் சொல்லிப் பார்த்தான். அவன் வாயில் அது அனகொண்டா என்றுதான் வந்தது. அப்படியே கடல் கடந்து கொண்டுபோனான். அவனுடைய ஆட்கள் பிறகு வேறொரு தேசத்து ஆற்றில் பெயர் தெரியாத பெரிய பாம்பு ஒன்றைக் கண்டபோது, அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

பெயரோடு பழியும் போய்விடும் என்று பாம்பு காத்திருந்தது. ஊர் பெயரை மறந்தது, பயத்தை மறக்கவில்லை. யாரும் வரவில்லை. மெல்ல மெல்ல அது பேசுவதையே விட்டுவிட்டது.

அன்று முதல்தான், யானையைக் கண்ணால்கூடக் கண்டிராத தூரதேசத்துப் பாம்பு யானையைக் கொன்ற பெயரோடு திரிய, நம் காட்டு மலைப்பாம்பு தன்னையே தான் சுற்றிக்கொண்டு ஊமையாய்க் கிடக்கிறது.