மூச்சு எண்ணிய ஆந்தை

பனி மூடிய மலைக்காட்டில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு வளையில் இருந்தது. பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி. அந்த வருஷம் குளிர் பொல்லாதது. குட்டிகளின் காது நுனி நீலம் பாரித்துவிட்டது.

இடி விழுந்த மரம் ஒன்று கனன்றுகொண்டிருந்தது. முள்ளம்பன்றி அதிலிருந்து கங்கு எடுத்து வந்து, வளைக்கு வெளியே நெருப்பு மூட்டியது. அதில் கற்களைச் சூடாக்கி, ஒவ்வொன்றாக உள்ளே உருட்டிப் போனது.

முயல் சிரித்தது. "என்ன அண்ணே, காட்டையே குளிர் காயவைக்கிறீங்களா? பாதிச் சூடு வீணாப் போகுதே!"

"போகட்டும் தங்கச்சி. நெருப்பு வெளியே, சூடு உள்ளே. உனக்கும் ரெண்டு கல் தரட்டுமா?"

"கல்லு ஆறிப்போகும். மறுபடி மறுபடி வெளியே வரணும். மேலே பாருங்க, ஆந்தை!"

ஆந்தை இருந்தது. மூன்று நாளாக அதே கிளையில்.

முயல் அந்த நெருப்பில் புகை அடங்கும்வரை காத்திருந்து, கங்குகளை எடுத்து வளைக்குள் கொண்டுபோனது. "புகைதானே கெடுதல்? இதில் புகையே இல்லை!" பிறகு, முயல்களின் வழக்கப்படி, வாசலைப் புல்லாலும் தன் ரோமத்தாலும் இறுக அடைத்தது.

உள்ளே இதமாக இருந்தது. குட்டிகள் சண்டை போட்டன. அப்புறம் கொட்டாவி விட்டன.

"அம்மா, தலை வலிக்குது" என்றது கடைக்குட்டி.

"தூங்கு கண்ணு, சரியாயிடும்." சொல்லும்போதே அதற்கும் கண் சொருகியது.

பொழுது சாயும் நேரம் முள்ளம்பன்றி கல் எடுக்க வந்தது. பக்கத்து வளையில் சத்தமே இல்லை. அடைத்த வாசலுக்கு முன்னால், தலையைச் சாய்த்தபடி ஆந்தை நின்றது.

"இங்கே என்ன பண்றே?"

"மூச்சு எண்ணுறேன். முதல்ல நாலு கேட்டுது. இப்போ மூணுதான். நான் யாரையும் தொடலையே! நாளைக்கு யாராவது வெளியே இழுத்துப் போடுவாங்க. அதுவரைக்கும் நிக்கிறேன்."

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்து அதை விரட்டியது. அடைப்பைப் பிய்த்து எறிந்து, கங்கின் நச்சுக் காற்று நிறைந்த வளையிலிருந்து எல்லாரையும் வெளியே இழுத்தது. பனிக்காற்றில் முயல் கண் விழித்தது. இரண்டு குட்டிகள் முனகின. கடைக்குட்டி அசையவில்லை.

"கண்ணு! கண்ணு!" முயல் நக்கியது, உலுக்கியது.

"மூணு" என்றது கிளையிலிருந்து ஆந்தை.

வெகுநேரம் கழித்து, மிகவும் வருத்தமான குரலில், "நாலு" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

அன்று முதல் முயலும் வெளியே கல் சுட்டது. ஆனால் குட்டிகள் தூங்கியதும், ஆந்தையைப் போலவே தலையைச் சாய்த்து, மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தது.

வெளியே நிற்கும் பகைக்குப் பயந்து, கண்ணுக்குத் தெரியாத பகையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.